விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை: 81 மணி நேரம், 29,000 டாலர், ஒரு மஞ்சப்பை

லைசென்ஸ் வாங்கிய அன்று என் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தை எழுதி வைக்கும் நோட்டில், 81.4 மணி நேரம் இருந்தது. அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குச் சட்டம் கேட்பது 40 மணி நேரம்தான். 2022 ஜனவரியில் ஆரம்பித்தபோது ஆறே மாதத்தில் முடித்துவிடலாம் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். முடிந்தது 2024 மார்ச் கடைசியில். மொத்தச் செலவு ஏறக்குறைய 29,000 டாலர், ஊர்க் கணக்கில் 24 லட்ச ரூபாய். அதில் 5,300 டாலர் ஒரு நிமிஷம்கூடப் பறக்காமல் போன காசு. வானத்தில் எனக்கு எந்த விபரீதமும் நடக்கவில்லை. அடி வாங்கியதெல்லாம் தரையில்தான். சான் ஹோசே பக்கம் நம்ம ஆட்கள் இத்தனை பேர் இருக்கிறோம், இதில் இறங்கும் முன் எச்சரிக்க எனக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது என் மனைவி. என் 36-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு 'டிஸ்கவரி ஃப்ளைட்' வாங்கிக் கொடுத்தாள். செஸ்னா 172, நாலு சீட், ஒற்றை இன்ஜின். மேலே போனதும் பக்கத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் கையை எடுத்துவிட்டு "நீயே ஓட்டு" என்றான். முப்பது நிமிஷம்தான். இறங்கும்போது முடிவு பண்ணிவிட்டேன். அந்த நிலைமையில் எடுக்கிற முடிவு எப்படி இருக்கும்? பெண் பார்க்கப் போன இடத்திலேயே தாலி கட்டின மாதிரி. அடுத்த வாரமே அந்தப் பள்ளியில் சேர்ந்து, 9,000 டாலருக்கு செக் எழுதிக் கொடுத்தேன். மொத்தமாகக் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி, ஆனால் செக்காகத்தான் தர வேண்டும் என்றார்கள். என்ன தள்ளுபடி என்று பார்த்தேனே தவிர ஏன் செக் என்று கேட்கவில்லை. அந்தப் பள்ளி பெயரும் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம்.

எந்த லைசென்ஸ் என்பதிலும் நான் பெரிதாக யோசிக்கவில்லை. பிரைவேட்டுக்குக் கீழே ஸ்போர்ட் பைலட் என்று ஒன்று உண்டு. குறைந்தபட்சம் 20 மணி நேரம் போதும். தனி மருத்துவச் சான்றிதழ் வேண்டாம், கார் ஓட்டும் லைசென்ஸே போதும். ஆனால் கூட ஒருவரைத்தான் ஏற்றலாம். அப்போது அதில் சின்ன ரெண்டு சீட் விமானங்களும் பகல் நேரமும்தான். அரை லைசென்ஸ் என்று சிரித்து ஒதுக்கினேன். மனைவியையும் மகளையும் ஒன்றாக ஏற்ற வேண்டும் என்பதால் பிரைவேட் எடுத்தது சரிதான், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் ஒதுக்கிய விதம் தப்பு. 2025 அக்டோபர் 22-லிருந்து ஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். 172 மாதிரி நாலு சீட் விமானத்தையே ஓட்டலாம், ஆள் மட்டும் இன்னும் ஒருவர்தான். தனியாகவோ இன்னொருவரோடோ பகலில் பறந்தால் போதும் என்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள். உடம்பில் ஏதாவது பழைய கதை இருந்தால் கட்டாயம் பாருங்கள். ஏன் என்று பின்னால் வரும். கமர்ஷியல் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரைவேட்டில் சம்பாதிக்க முடியாது. லேக் டாஹோவுக்குக் கூட்டிப்போ, முழுச் செலவும் என்னுடையது என்று ஒரு நண்பர் சொன்னார். முடியாது என்றேன். வாடகை, பெட்ரோல், விமான நிலையக் கட்டணம் இவற்றைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம், என் பங்கை நான் போட்டே ஆக வேண்டும்.

நான் எச்-1பி விசாவில் இருந்தேன். குடியுரிமை இல்லாதவர்கள் முதல் லைசென்ஸுக்குப் பயிற்சி தொடங்கும் முன் டிஎஸ்ஏ என்கிற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும். 130 டாலர் கட்டி மூன்று வாரம் காத்திருந்தேன். எனக்குக் கொடுத்த அனுமதி அந்த ஒரு பள்ளிக்கு மட்டும்தான் என்பது பொடி எழுத்தில் இருந்தது. இப்போது நிலைமை பரவாயில்லை. 2024-இல் விதி மாறி, 140 டாலருக்கு ஐந்து வருஷம் செல்லும் ஒரே அனுமதியாக்கிவிட்டார்கள்.

பிப்ரவரியில் பறக்க ஆரம்பித்தேன், மார்ச்சில் எழுத்துத் தேர்வை முடித்தேன். அறுபது கேள்வி, 88 மார்க். படிப்பு நமக்கு வரும்தானே, அந்த மிதப்பில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அந்த மார்க் 24 மாதம்தான் செல்லும். அதற்குள் செக்ரைடு என்கிற இறுதித் தேர்வு முடியாவிட்டால் மறுபடி எழுத வேண்டும். ரெண்டு வருஷம் யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். சோலோ, அதாவது முதன்முதலில் தனியாகப் பறப்பது, முடிந்த பிறகு எழுதியிருந்தால் கடைசி மாதத்தில் பட்ட பாடு இருந்திருக்காது.

மே மாதம் இன்ஸ்ட்ரக்டர் சொன்னான், "இன்னும் நாலு கிளாஸ், அப்புறம் நீ தனியாப் போயிடலாம். மெடிக்கல் வாங்கிட்டு வா." இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பினேன். 'சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரில் ரத்தம்' என்று ஒரு கேள்வி. 2015-இல் லீவுக்கு ஊருக்குப் போனபோது கல் வந்து மதுரையில் ஒலி அலையால் உடைத்து எடுத்தார்கள். 'ஆம்' என்று டிக் பண்ணினேன். எஃப்ஏஏ என்கிற அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை அங்கீகரித்த டாக்டர் கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, நன்றாக இருக்கிறாய் என்றார். அப்புறம் கல் பற்றிய காகிதம் கேட்டார். ஏழு வருஷத்துக்கு முந்தின காகிதத்துக்கு நான் எங்கே போவேன்? உள்ளே மிச்சம் இல்லை என்பதற்குச் சான்று இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்று ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிற எஃப்ஏஏ தலைமை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், காகிதம் இல்லாமல் போனது நான்தான். மெடிக்கல் இல்லாமல் இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கலாம், தனியாக முடியாது. அதாவது நான் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தேன், மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

கோவில்பட்டிக்கு போன் போட்டேன். அம்மா, "ஏய்யா, அந்த ஸ்கேனெல்லாம் பத்திரமா இருக்கு, பீரோல மஞ்சப்பைக்குள்ள வச்சிருக்கேன்" என்றாள். கல்யாணப் பத்திரிகை, கேஸ் புத்தகம், என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் ஜெராக்ஸ், நடுவில் மதுரை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி. பக்கத்து வீட்டுப் பையன் போனில் படம் எடுத்து அனுப்பினான். இங்கே புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்தது அக்டோபரில். ஐந்து மாதம்.

நண்பர் ஒருவர் கேட்டார், "எதுக்குடா டிக் பண்ணே? மதுரையில நடந்தது இவனுக்கு எப்படித் தெரியப் போகுது?" இந்தப் புத்திமதி உங்களுக்கும் கிடைக்கும். கேட்காதீர்கள். அந்தப் படிவத்தில் தெரிந்து பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை என்று அதிலேயே போட்டிருக்கிறது. விசாவில் இருப்பவனுக்கு அந்த விளையாட்டு வேண்டாம். செய்ய வேண்டியது வேறு. பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பே எஃப்ஏஏ அங்கீகரித்த டாக்டரிடம் போய், 'இது பரிசோதனை இல்லை, ஆலோசனை மட்டும்' என்று சொல்லிக் காசு கொடுத்துப் பேசுங்கள். விண்ணப்பத்தை நிரப்பினாலும் உறுதிப்படுத்தும் எண்ணை அவர் கையில் கொடுக்காதவரை அது கணக்கில் வராது. என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு, எல்லாம் சேர்ந்த பிறகு கொடுங்கள். கொடுத்துவிட்டால் மூன்றே முடிவுதான்: கொடுப்பார்கள், தள்ளிப்போடுவார்கள், மறுப்பார்கள். கடைசியாகக் கேட்ட மெடிக்கலை மறுத்துவிட்டால் கார் லைசென்ஸை வைத்து ஸ்போர்ட் பைலட் ஆகிற வழியும் அடைபட்டுவிடும். கேட்காமலே இருந்திருந்தால் அது திறந்திருக்கும். சர்க்கரை, மன அழுத்த மாத்திரை, சின்ன வயதில் வலிப்பு என்று ஏதாவது இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது ரெண்டு தடவை படியுங்கள்.

இதற்கு நடுவில் என் இன்ஸ்ட்ரக்டர் போய்விட்டான். ஏர்லைன்ஸ் வேலைக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும், அதைச் சேர்க்கத்தான் இளம் பையன்கள் சொல்லிக்கொடுக்க வருகிறார்கள். 2022-இல் ஏர்லைன்ஸ்காரர்கள் ஆள் அள்ளிக்கொண்டிருந்த நேரம். அடுத்து வந்தவன் நான் ஏற்கெனவே கற்றதையெல்லாம் முதலிலிருந்து செய்து காட்டச் சொன்னான். அது அவன் உரிமை, ஆனால் பில் எனக்கு. செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளாஸுக்குப் போனால் கதவில் பூட்டு. உள்ளே வெள்ளைப் பலகையில் அந்த வார அட்டவணை அழிக்காமல் இருந்தது, என் பெயரும் இருந்தது. விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை, உரிமையாளர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். பதினான்கு மணி நேரம் பறந்ததற்கு 3,700 டாலர் கழிந்திருந்தது. மீதி 5,300. கிரெடிட் கார்டில் கட்டியிருந்த இன்னொரு மாணவர் வங்கியிடம் முறையிட்டு முக்கால்வாசியைத் திரும்ப வாங்கிவிட்டார். எனக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடி. சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு 75 டாலர் கட்டிப் போனேன், எதிர்த்தரப்பு வரவில்லை, ஜெயித்தேன். கம்பெனிக் கணக்கில் ஒன்றும் இல்லை. தீர்ப்புக் காகிதத்தைக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். மனைவியிடம் முழுத் தொகையைச் சொல்ல எனக்கு ரெண்டு வாரம் ஆனது. அவள் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

முன்பணம் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அடுத்த நாலைந்து கிளாஸுக்கு மேல் வேண்டாம், அதுவும் கார்டில். ஆனால் முழுப் பணமும் உங்கள் வங்கியில் தயாராக இருக்கட்டும். சம்பளம் வர வர வாரத்துக்கு ஒன்று என்று பறந்த மாதங்களில், ஒவ்வொரு கிளாஸிலும் முதல் இருபது நிமிஷம் போன வாரம் விட்டதைப் பிடிக்கவே போனது. வாரத்துக்கு மூன்று முறை பறந்த மாதங்களில் கை தானாகப் போனது. வாடகையை எந்த மீட்டரில் கணக்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் ஓடும், ரன்வே முன்னால் வரிசையில் நிற்கிற பதினைந்து நிமிஷமும் சேர்த்து. டேக்கோமீட்டர் கணக்கு இன்ஜின் வேகத்தைப் பொறுத்தது, தரையில் மெதுவாகத்தான் ஏறும்.

2023 ஜனவரியில் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். மறுபடி டிஎஸ்ஏ, மறுபடி 130 டாலர், மறுபடி காத்திருப்பு. அந்தக் குளிர்காலம் கலிஃபோர்னியாவில் விடாத மழை, ரெண்டு கிளாஸுக்கு ஒன்று ரத்து. மூன்றாவது இன்ஸ்ட்ரக்டரிடம் நான் கேட்காமல் விட்டது ஒரே கேள்வி: "உன் கணக்கில் எத்தனை மணி நேரம்?" 1,380 வைத்திருந்தான். மே மாதம் கிளம்பிவிட்டான். நான்காவதாக அமைந்தவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், 68 வயது, ஏர்லைன்ஸ் ஆசையெல்லாம் இல்லாதவர். பெட்ரோல் பரிசோதிக்க அவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இறக்கைக்கு அடியில் இருக்கிற வால்வில் கண்ணாடிக் குழலை அழுத்திக் கொஞ்சம் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கும். ஒருநாள் வேண்டுமென்றே சில சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்து, நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்த்தார். நான் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குப் பறக்க விடவில்லை.

ஜூலையில் ஒரு காலை, மூன்று முறை இறங்கி ஏறிய பிறகு, ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கையில் சின்ன ரேடியோ. "மூணு லேண்டிங், போயிட்டு வா." எண்பது கிலோ ஆள் இல்லாத விமானம் நான் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையை விட்டுக் கிளம்பியது. ஈஸ்ட்ரிட்ஜ் மால் பார்க்கிங்குக்கு மேலே திரும்பி ரன்வேயைப் பார்க்கிறபோது வலப்பக்கச் சீட்டைப் பார்த்தேன். சீட் பெல்ட்டை மடித்துப் பூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். பயமாக இருந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இறங்கும் வரை நேரமில்லை. காரில் உட்கார்ந்த பிறகு கை நடுங்கியது.

செப்டம்பரில் தனியாக நீண்ட பயணம். மொத்தம் 150 நாட்டிகல் மைல், மூன்று இடத்தில் இறங்க வேண்டும், ஒரு தூரமாவது 50 மைலுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஹாமில்டன் மலை மேல் லிக் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்களைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே மெர்செட், அங்கிருந்து சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தைத் தாண்டி சலினாஸ், பிறகு வீடு. இந்த ரெண்டு வருஷத்தில் முழுக்க முழுக்கச் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான். இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் எல்லாம் நவம்பரில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

செக்ரைடு எடுக்கும் எக்ஸாமினர்கள் குறைவு. நவம்பரில் தேட ஆரம்பித்து பிப்ரவரிக்குத்தான் நாள் கிடைத்தது, கட்டணம் 900 டாலர். தயாராகி முடித்த பிறகு தேடினேன், அது தப்பு. ரெண்டு மாதம் முன்பே பெயரைப் போட்டு வைத்திருக்க வேண்டும். அன்று வாய்மொழித் தேர்வு முடிந்தது, வெளியே மேகம் தலையில் இடிக்கிற உயரத்தில். பாதியில் நிறுத்தி ஒரு கடிதம் கொடுத்தார், அது 60 நாள் செல்லும். ஆனால் என் எழுத்துத் தேர்வு மார்ச் 31-உடன் காலாவதி. மார்ச் 9-ஆம் தேதி ஹோலிஸ்டரில் பறந்தோம். எல்லாம் நன்றாகப் போனது, நீளம் குறைந்த ரன்வேயில் இறங்குகிற லேண்டிங் வரை. குறித்த கோட்டிலிருந்து 200 அடிக்குள் சக்கரம் தொட வேண்டும். 61 நாட் வேகத்தில் வர வேண்டியவன் 68-இல் வந்தேன். விமானம் மிதந்துகொண்டே இருந்தது. கோடு கீழே போவதைப் பார்த்தேன். அப்போதே பவர் கொடுத்து மேலே ஏறி மறுபடி வந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் கை அசையவில்லை. எக்ஸாமினர் மெதுவாகச் சொன்னார், "நீ சுற்றிவருவாய் என்று காத்திருந்தேன்." திரும்பி வரும் வழியில் இருவரும் பேசவில்லை. தோற்ற பகுதியை மட்டும் திரும்பச் செய்தால் போதும், 450 டாலர். பதினெட்டு நாளில் கிழவரோடு நாற்பது லேண்டிங். மார்ச் 27 அன்று முடித்தேன், எழுத்துத் தேர்வு காலாவதியாக நாலு நாள் மிச்சம்.

போன வருஷம் அம்மா வந்திருந்தாள். கூட்டிப் போகலாம் என்றால் முதல் சிக்கல் எடை. 172-இல் நாலு சீட் இருக்கிறதே தவிர, டாங்க் நிறையப் பெட்ரோலோடு நாலு பெரிய ஆட்கள் என்றால் பெரும்பாலும் அளவு தாண்டிவிடும். ஒவ்வொருவர் எடையும் கேட்டு, பெட்ரோலைக் குறைத்துக் கணக்குப் போட வேண்டும். அம்மா எடையைச் சொல்ல மறுத்துவிட்டாள். "வயசான காலத்துல எதுக்குய்யா அதெல்லாம்." மகள்தான் தாஜா பண்ணித் தராசில் ஏற்றினாள். ஹாஃப் மூன் பே வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மா மேலே இருக்கிறவரை ஹெட்செட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"ஏய்யா, அதான் லைசென்ஸு வாங்கிட்டியே. அந்த மஞ்சப்பைக் காகிதத்த இனிமேத் தூக்கிப் போட்டுரலாமா?"

"இருக்கட்டும்மா. 2027 மே மாசம் மறுபடி மெடிக்கல்."